தேவன் காட்டிய அன்புக்கு அன்றாடம் பதில் சொல்வது: வீட்டுக்குள்ளிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஞானஸ்நானம் எடுத்த அடுத்த வாரமே பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, நான் என்ன ஊழியம் செய்யட்டும்?" வடசென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் பொறுப்பு என்பதால், இந்தக் கேள்வியைப் பதினோரு வருடமாகக் கேட்டு வருகிறேன். கேட்கிறவர்களின் ஆசை உண்மையானது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் நான்கே மாதத்தில் சோர்ந்து உட்கார்ந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தம்பி வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு ஜெபிக்கப் போய்வந்தார். நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஒருநாள் கூட்டம் முடிந்து பாய் சுருட்டும்போது அவர் மனைவி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "முன்னப் பின்ன தெரியாதவங்களுக்கு மணிக்கணக்கா ஜெபம் பண்றாருக்கா. என்கிட்ட ஒழுங்கா பேசி மூணு மாசம் ஆவுது."

அந்தத் தம்பி செய்தது கெட்ட காரியம் இல்லை. வரிசைதான் தலைகீழாக இருந்தது. ஆறாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டார். அதனால் இந்த வழிகாட்டியில் படிகளைவிட அவற்றின் வரிசைக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் போங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நாற்பது பக்க நோட்டு ஒன்று. செல்போனில் எழுதலாமே என்பார்கள். எழுதப் போன விரல் வாட்ஸ்அப்பில் போய் நிற்கும், நோட்டே போதும்.

காலையில் 15 நிமிடம். நம் பக்கத்தில் இது தானாகக் கிடைக்காது. தண்ணீர் வரும் நேரம், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பும் நேரம், ஹார்பர் ஷிப்ட் என்று வீட்டுக்கு வீடு கணக்கு வேறு. யாரோ சொன்னார்கள் என்று அதிகாலை நான்கு மணிக்கு அலாரம் வைக்காதீர்கள். உங்கள் வீட்டின் ஒரு நாளை முதலில் எழுதிப் பாருங்கள். இடைவெளி எங்கே என்று தெரியும். எங்கள் கூட்டத்தில் ஒரு சகோதரி விம்கோ நகரில் மெட்ரோ ஏறுகிறார். அங்கே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். உயர்நீதிமன்றம் ஸ்டேஷன் வரும்வரை அதுதான் அவருடைய ஜெப அறை.

உங்களை நேராகக் கேள்வி கேட்கக்கூடிய ஒருவர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். பாஸ்டராகவோ சபை ஐயராகவோ இருக்கத் தேவையில்லை. இல்லாமல் இருப்பதே நல்லது, அவருக்குக் கவனிக்க இருநூறு குடும்பம் இருக்கிறது. உங்களுக்குக் கடன் கொடுத்தவரும் வேண்டாம், உங்களிடம் வாங்கியவரும் வேண்டாம். பக்கத்துத் தெருவில் இருந்தால் போதும்.

பணம், பாட்டுத் திறமை, மேடைப் பேச்சு எதுவும் தேவையில்லை.

1. முதலில் பெற்றுக்கொள்ளுங்கள்

1 யோவான் 4:19-ல் 'முந்தி' என்று ஒரு சொல் இருக்கிறது. அவர் முந்தி அன்புகூர்ந்தார், அதனால் நாம் அன்புகூருகிறோம். பேனாவால் அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

எப்படிச் செய்வது: லூக்கா 15-ல் தொடங்குங்கள். தினமும் பத்து வசனம், அதற்குமேல் வேண்டாம். படித்து முடித்ததும் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். 'நேற்று எனக்கு என்ன கிடைத்தது?' பதில் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். 'தேவன் நல்லவர்' என்று எழுதினால் அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். 'காய்ச்சலில் படுத்திருந்தபோது மாமியார் கேட்காமலே கஞ்சி வைத்துக் கொடுத்தார்' என்று எழுதுங்கள். தேவனுடைய அன்பு நம்மிடம் வந்து சேர்வது பெரும்பாலும் இப்படி ஒரு தட்டிலோ டம்ளரிலோதான்.

ஏன் இது முதல் படி? பெற்றுக்கொள்ளாமல் கொடுக்கத் தொடங்குகிறவர், தேவனுக்குக் கடன் அடைக்கத் தொடங்கிவிடுகிறார். தண்டல் என்கிற தினசரி வசூல் கடனைக் கட்டுகிற மாதிரி தினமும் இவ்வளவு என்று கணக்கு ஓடும். ஒருநாள் தவறினால் பயம். தவறாமல் கட்டினால், "இவ்வளவு செய்தும் என் பிள்ளைக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை?" என்ற கோபம். எபேசியர் 2-ஆம் அதிகாரத்தில் 8, 9, 10 வசனங்களைச் சேர்த்தே படியுங்கள். கிருபை முன்னால் வருகிறது, நற்கிரியை பின்னால் வருகிறது.

இரண்டு வாரம் இந்த ஒரு படியை மட்டும் செய்யுங்கள். கை பரபரக்கும். பரபரக்கட்டும்.

2. வீட்டுக்குள் ஒரு வேலை

வீட்டில் யாருக்கும் பிடிக்காத வேலை ஒன்று இருக்கும். ஐந்தாவது மாடிக்குக் குடம் தூக்குவது, குளியலறை தேய்ப்பது, மீன் ஆய்ந்த இடத்தைக் கழுவுவது, படுக்கையில் இருக்கும் தாத்தாவின் துணியை அலசுவது. அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் செய்யுங்கள். செய்யப்போவதாகச் சொல்லவும் வேண்டாம், செய்ததாகச் சொல்லவும் வேண்டாம்.

வெளியே அன்பு காட்டினால் 'ஸ்தோத்திரம் பிரதர்' என்று உடனே ஒரு பாராட்டு திரும்பி வரும். வீட்டில் அது வராது. முதல் வாரம் சந்தேகமாகக்கூடப் பார்ப்பார்கள். பாராட்டு இல்லாத இடத்தில் ஒரு மாதம் தாக்குப்பிடித்தவரால்தான் வெளியே போய்ப் பாராட்டுக்கு ஏங்காமல் இருக்க முடியும்.

குடும்பத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் விசுவாசி என்றால், இந்தப் படியில் இன்னும் கவனம் வேண்டும். நான் பார்த்ததில் அதிகம் பேர் வழுக்கி விழுவது இங்கேதான். புது வைராக்கியத்தில் அம்மாவின் பூஜை அலமாரியில் கை வைப்பது, அண்ணன் வீட்டுப் பொங்கலுக்குப் போகாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது, சாப்பாட்டு நேரத்தில் வாதம் செய்வது. அந்த அம்மா ராத்திரி கண் விழித்து உங்களை வளர்த்தவர். உங்கள் மனச்சாட்சி எதற்கு இடம் கொடுக்கவில்லையோ அதை மரியாதையாகச் சொல்லுங்கள். "இது மட்டும் என்னால முடியாதும்மா, மத்த வேலை எல்லாம் நான் பாத்துக்குறேன்." சொன்னபடி மற்ற வேலையெல்லாம் பாருங்கள். 1 பேதுரு 3-ஆம் அதிகாரம் மனைவிகளுக்குச் சொல்வது இதுதான்: போதனை இல்லாமலே நடக்கையினால் ஆதாயப்படுத்திக்கொள்ளலாம். மனைவிக்குச் சொன்னது மகனுக்கும் பொருந்தும்.

அப்புறம், சத்தம். லைன் வீட்டில் ஒரு சுவர்தான் நடுவில். பக்கத்தில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர் இருக்கலாம். ஜெபத்தைக் கொஞ்சம் தாழ்த்திச் செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தூங்க விடுவதும் அன்பில் சேர்த்திதான்.

3. கடனும் கசப்பும்

இந்தப் படி நீளமானது. ஆறு மாதம்கூட ஆகலாம். பலரும் இதைத் தாண்டிக் குதித்துவிடப் பார்ப்பார்கள்.

மத்தேயு 5:23, 24-ல் இயேசு சொல்வதை மெதுவாகப் படியுங்கள். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு, அதாவது சமாதானமாகு என்கிறார். கவனியுங்கள், உனக்கு அவன்பேரில் குறை இருந்தால் என்று அந்த இடத்தில் சொல்லவில்லை. அவனுக்கு உன்பேரில்.

நோட்டில் மூன்று பட்டியல் போடுங்கள்.

முதலாவது, பணம். யாருக்கு எவ்வளவு தர வேண்டும். சீட்டு எடுத்துவிட்டுக் கட்டாமல் விட்ட தவணை, மளிகைக் கடை பாக்கி, மச்சானிடம் வாங்கிய ஐயாயிரம், எல்லாவற்றையும் எழுதுங்கள். தண்டல் கணக்கைத் தனியாக எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் பத்தாயிரம் என்று பேசினால் பிடித்தம் போகக் கையில் எட்டாயிரத்து ஐந்நூறோ ஒன்பதாயிரமோ வரும். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஒன்றை அடைக்க இன்னொன்று எடுக்கிறவர்கள் முதலில் அதை நிறுத்த வேண்டும். மொத்தத்தையும் இன்றே அடைக்க முடியாது, யாருக்கும் முடியாது. கடன் கொடுத்தவரைத் தெருவில் பார்த்தால் சந்து மாறிப் போகிறீர்களே, அதை இன்றே நிறுத்தலாம். நேரில் போய், "மொத்தமா இப்ப இல்ல, மாசம் ஐந்நூறு தர்றேன்" என்று சொல்லி முதல் ஐந்நூறைக் கையோடு கொடுங்கள். வெறும் வாக்குறுதியோடு போகாதீர்கள். அவர் அதைப் பலமுறை கேட்டிருப்பார்.

இரண்டாவது, கூலி. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கோ, கடையில் நிற்கும் பையனுக்கோ, மேஸ்திரிக்கோ நீங்கள் தர வேண்டியது. உபாகமம் 24:15 பொழுது போகுமுன் கொடுத்துவிடச் சொல்கிறது, ஏனென்றால் அவன் ஏழை, அதை எதிர்பார்த்து இருக்கிறான். இதில் தவணை பேசாதீர்கள்.

மூன்றாவது, பேச்சு. இது கடினம். என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

லாரித் தண்ணீருக்கு வரிசையில் வைத்த என் பச்சைக் குடம் ஒருநாள் காணோம். எதிர் வீட்டு அக்காதான் தள்ளி வைத்தார் என்று தெருவே கேட்கும்படி கத்திவிட்டேன். அவர் தொழிலையும் சேர்த்துப் பேசினேன். கிரிக்கெட் ஸ்டம்ப்புக்காக என் மகனே அதை எடுத்துப் போயிருந்தான் என்று சாயங்காலம் தெரிந்தது. தெரிந்த பிறகும் எட்டு மாதம் பேசாமல் இருந்தேன். அந்த எட்டு மாதமும் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போனேன்.

கடைசியில் ஒருநாள் போய்ச் சொன்னேன். "என் மேல தப்புதான்க்கா, ஆனா நீங்களும் அன்னிக்கு அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது." அவர் கதவைச் சாத்திவிட்டார். சாத்தியது நியாயம்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். வாசற்படியில் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். "குடத்த எடுத்தது என் புள்ள. உங்களப் பத்திப் பேசுனது எல்லாம் பொய். தெருவுல வச்சுப் பேசுனேன், அதனால தெருவுலயே சொல்றேன். மன்னிச்சிடுங்கக்கா." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கத்தி நிற்கவில்லை, செதில் தெறித்துக்கொண்டே இருந்தது. நான் திரும்பி வந்துவிட்டேன். அடுத்த வாரம் லாரி வந்தபோது நான் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் என் குடம் வரிசையில் மூன்றாவதாக இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்ட முறை இது. செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். 'ஏதாவது தப்பு செஞ்சிருந்தா' என்பது மன்னிப்புக் கேட்பதில் சேராது. 'ஆனா' வேண்டாம். பலர் முன்னால் பேசியது என்றால் பலர் முன்னாலேயே கேளுங்கள்; தனியாகப் பேசியது என்றால் தனியாக. சொன்னதும் கிளம்புங்கள். பதிலுக்காக நின்றால் மன்னிக்கச் சொல்லி வற்புறுத்துகிற மாதிரி ஆகிவிடும்.

இந்தப் படியில் ஒரு எச்சரிக்கை. அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போய் 'ஒப்புரவாகு' என்று எந்தப் பெண்ணுக்கும் இந்த வசனத்தைக் காட்டாதீர்கள். அடித்தவன் தேடிப் போக வேண்டிய வசனம் அது. அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான இடம். பெண்களுக்கான உதவி எண் 181. கூடவே இருந்து போன் போட்டுக் கொடுங்கள். பிள்ளைகள் சம்பந்தப்பட்டது என்றால் 1098.

4. வேலை செய்யும் இடம்

இது சுருக்கமானது, ஏனென்றால் இதில் குழப்பம் குறைவு. தராசில் தட்டு சரியாக இருக்கிறதா? ஐஸ் கரைந்த மீனை இன்று வந்தது என்று சொல்கிறோமா? ஊருக்குப் புதிதாக வந்தவர் ஷேர் ஆட்டோவில் ஏறினால் கட்டணம் மாறுகிறதா? வரி வசூலிக்கிற சகேயு இயேசுவிடம் சொன்னது ஜெபத்தைப் பற்றி இல்லை. ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். இயேசு அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் இது நடந்தது, அதற்கு முன்னால் இல்லை. லூக்கா 19-ல் அந்த வரிசையையும் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் ஞாயிறு விடிகாலைதான் வியாபாரம் உச்சம். மீன் விற்கும் சகோதரிகளால் காலை ஆராதனைக்கு வர முடியாது. அவர்களை 'உலகத்தை நேசிக்கிறவர்கள்' என்று பேசுகிறவர்கள் உண்டு. அதே ஆட்கள் மத்தியானம் மீன் குழம்பு சாப்பிடுவார்கள். எங்கள் கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றினோம், வருகிறார்கள்.

5. ஒரே ஒரு குடும்பம்

இப்போதுதான் வாசலைத் தாண்டுகிறோம். தெரு முழுக்க வேண்டாம். ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள், ஒரு வருடத்துக்கு. பத்து வீட்டுக்கு ஒருமுறை போகிறவருக்கு எந்த வீட்டின் கஷ்டமும் தெரியாது. ஒரு வீட்டுக்கு இருபது முறை போகிறவருக்குக் கேட்காமலே தெரியும்.

தெரிந்துகொள்வது எப்படி? காலண்டரைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகில் கூலிக்குப் போகிறவர், ஐஸ் உடைக்கிறவர், கூடை தூக்குகிறவர், ஏலத்தில் எடுத்து விற்கும் பெண்கள் எல்லோருக்கும் வருமானம் அடிபடும். தடைக்காலம் தொடங்கும்போது உதவி செய்ய நிறையப் பேர் வருவார்கள். நெருக்கடி முற்றுவது ஜூன் முதல் இரண்டு வாரம். கையிருப்பு தீர்ந்திருக்கும், பள்ளியும் திறந்துவிடும். நோட்டு, ஷூ, பை, பீஸ் எல்லாம் ஒன்றாக நிற்கும். உங்கள் கையில் ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் ஏப்ரலில் கொடுக்காமல் அந்த வாரத்துக்கு எடுத்து வையுங்கள்.

மழைக்காலமும் அப்படித்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வீடுகளுக்குள் வந்தது. நம்மில் பலரும் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனோம். மெயின் ரோட்டிலேயே பொட்டலம் குவிந்துவிட்டது. உள் சந்துகளில் பெண்கள் கேட்டது மாற்று நைட்டி, உள்ளாடை, நாப்கின், பாய். போவதற்கு முன் அந்தத் தெருவில் ஒருவருக்குப் போன் செய்து கேட்டிருந்தால் போதும்.

சாப்பாடு கொடுக்கும்போது ஒரு நுணுக்கம். நம் ஊரில் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தர மாட்டார்கள். நீங்கள் எவர்சில்வர் தூக்கில் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தால், இல்லாத வீட்டிலும் அதில் எதையாவது போட்டுத் தர மனசு தேடும். அதனால் முதலில் நான் பிளாஸ்டிக் கவரில் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்குச் சிரமம் வேண்டாமே என்று. அது தப்பு என்று ஒரு பாட்டி புரியவைத்தார். "ஏன்ம்மா, எங்க வீட்டுக் கை உன் பாத்திரத்துல படக்கூடாதா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து தூக்கில்தான் கொடுக்கிறேன். திரும்பி வரும்போது இரண்டு முருங்கைக்காய் இருக்கும், சிலநேரம் ஒரு பிடி உப்பு. மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளுங்கள், அன்றைக்கே சமைத்துச் சாப்பிடுங்கள், நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். வாங்கிக்கொள்ளத் தெரியாதவர் கொடுக்கும்போது எதிரில் இருப்பவர் குறுகிப்போகிறார். முதல் படியில் தேவனிடம் வாங்கிக்கொள்ளப் பழகியது இங்கேயும் உதவும்.

சாப்பாட்டோடு கைப்பிரதியைச் சேர்த்து வைக்காதீர்கள். கேட்டால் சொல்லுங்கள், எவ்வளவு நேரம் கேட்டாலும் சொல்லுங்கள். கேட்காதபோது சோற்றோடு சேர்த்துக் கொடுத்தால் சோற்றுக்கு விலை வைத்ததாக ஆகும். போட்டோவும் எடுக்காதீர்கள், மத்தேயு 6:3-ல் வலதுகை செய்வது இடதுகைக்கே தெரியக்கூடாது.

6. ஆஸ்பத்திரிக்குப் போவது

வடசென்னையில் ஆஸ்பத்திரி என்றால் பெரும்பாலும் ஸ்டான்லி, பிரசவம் என்றால் ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். முதல் ஆறு மாதம் தெரிந்தவர் அட்மிட் ஆனால் மட்டும் போங்கள். பார்வையாளர் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, இரண்டு பேராகப் போங்கள்.

முதலில் நோயாளியிடம் போகாதீர்கள். கூட இருப்பவரிடம் போங்கள். மூன்று நாளாகக் குளிக்காமல், வராந்தாவில் பாய் விரித்துப் படுத்து, மருந்துச் சீட்டோடு அலைகிற அந்த அம்மாவையோ மனைவியையோ யாரும் விசாரிக்க மாட்டார்கள். "சாப்பிட்டீங்களா? போய்க் குளிச்சுட்டு வாங்க, நான் இங்க உக்காந்திருக்கேன்." ஒரு மணி நேரம் ஆளை விடுவித்தால் அவர் முகமே மாறும். கொண்டுபோக வேண்டியவை: இட்லி, பிளாஸ்கில் வெந்நீர், சோப்பு, துண்டு, செல்போன் சார்ஜர், கொஞ்சம் சில்லறை. பழம் எல்லோரும் கொண்டுவருவார்கள்.

ஜெபிக்க வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால், "சரி, நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்று உட்காருங்கள். வேண்டும் என்றால் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில், ஒரு நிமிடம். அனுமதி இல்லாமல் தலையில் கை வைக்காதீர்கள், அது ஆபரேஷன் செய்த தலையாக இருக்கலாம்.

இரண்டு வார்த்தை வாயில் வரவே கூடாது. ஒன்று, 'விசுவாசம் இருந்தால் மாத்திரை வேண்டாம்.' காசநோய்க்குப் பொதுவாகக் குறைந்தது ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாக மாறக்கூடும். நீங்கள் நல்லெண்ணத்தில் சொன்ன ஒரு சொல் அந்தக் குடும்பத்தையே பாதிக்கும். இயேசு சொன்ன கதையில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன், காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினார், சத்திரத்துக்குக் கொண்டுபோய் மறுநாள் பணமும் கட்டினார். மருத்துவம் பார்ப்பதும் அவருடைய அன்பில் இருந்தது. இன்னொன்று, 'ஏதாவது பாவம் இருக்கா பாருங்க.' யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் தொல்லை.

ரத்தம் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். 18 முதல் 65 வயதுவரை, எடை குறைந்தது 45 கிலோ. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. நம் ஆட்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. உபவாச நாளில் ரத்தம் கொடுக்கப் போவார்கள். வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது, மயக்கம் வரும். அன்றைக்குச் சாப்பிடுங்கள், உபவாசத்தை வேறு நாளுக்கு மாற்றுங்கள்.

பெரிய சிகிச்சை என்று டாக்டர் சொன்னால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு அது உண்டு. அட்டை இல்லாதவர்களுக்கு வருமானச் சான்றுக்கு அலைய ஆள் இருக்காது. அந்த அலைச்சலை நீங்கள் ஏற்றுக்கொள்வது அரை மணி நேர ஜெபத்துக்குக் குறைந்தது இல்லை.

7. காணிக்கையும் கொடுப்பதும்

பத்தில் ஒன்றா, அதற்கு மேலா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. உங்கள் சபையில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்வது ஒன்றே ஒன்று: கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். 2 கொரிந்தியர் 8:12 உள்ளதைப் பார்த்து ஏற்றுக்கொள்ளப்படும் என்கிறது, இல்லாததைப் பார்த்து இல்லை. தண்டல் எடுத்து ஆண்டுவிழாவுக்குக் கொடுத்த குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் இரண்டு மாதம் காலை டீயோடு பள்ளிக்குப் போனார்கள்.

ஒன்றும் இல்லாத வீட்டுக்கு நம் பாட்டிகளின் பிடியரிசி வழக்கம் இருக்கிறது. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவது. மாதக் கடைசியில் அது சபைக்கோ, ஐந்தாம் படியில் தேர்ந்தெடுத்த வீட்டுக்கோ போகும். பிள்ளைகள் கையால் போடச் சொல்லுங்கள்.

8. ஞாயிறு மாலை நோட்டைத் திறப்பது

வாரம் ஒருமுறை, முதலில் சொன்ன அந்த ஒருவரோடு உட்காருங்கள். அவர் உங்களிடம் கேட்க வேண்டியவை: இந்த வாரம் என்ன பெற்றுக்கொண்டாய்? வீட்டில் யாரிடம் குரல் உயர்ந்தது? பட்டியலில் எந்தப் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது? எத்தனை பேருக்கு உதவினாய் என்று கேட்க விடாதீர்கள். எண்ணத் தொடங்கினால் மறுபடி தண்டல் கணக்கு வந்துவிடும்.

வாரத்தில் ஒரு நாள் யாருக்கும் எதுவும் செய்யாமல் இருங்கள். எல்லாவற்றுக்கும் ஓடிப்போகிறவர்கள் உடம்புக்கு முடியாமல் விழுவதைப் பார்த்திருக்கிறேன். மனசு ரொம்பப் பாரமாகி, தூக்கமும் போய்விட்டது என்றால் ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம்.

தவறு நடக்கும். மூன்று மாதம் நன்றாகப் போய், ஒரே சண்டையில் எல்லாம் கொட்டிப்போனது போல் இருக்கும். அப்போது பலரும் நோட்டையே தூக்கிப் போட்டுவிட்டு, கூட்டத்துக்கும் வராமல் நின்றுவிடுகிறார்கள். எங்கள் கூட்டத்தில் படகுக்குப் போகும் ஒரு அண்ணன், யோவான் 21 வாசித்த அன்று ஒன்றைச் சொன்னார். பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்தவர். ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் இருந்தவர். கரைக்கு வந்ததும் இயேசு அவரிடம் விசாரணை வைக்கவில்லை. கரி நெருப்பு போட்டு மீனும் அப்பமும் வைத்திருந்தார். "ராத்திரி முழுக்கக் கடல்ல கெடந்துட்டு வர்றவனுக்கு என்ன வேணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. மொதல்ல சாப்பாடு. அப்பறம்தான் 'என்ன நேசிக்கிறியா'ன்னு கேக்குறாரு. அதுக்கும் அப்பறம்தான் 'ஆடுகள மேய்'ன்றாரு."

அதனால் கொட்டிப்போன பக்கத்தைக் கிழிக்காதீர்கள். நடந்ததை அப்படியே எழுதுங்கள், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அந்தப் பெயரை மூன்றாம் படிப் பட்டியலில் சேருங்கள். திங்கள் காலை அடுத்த பக்கத்தில் தேதி போட்டு, மறுபடி முதல் படியின் கேள்வியையே எழுதுங்கள்: நேற்று எனக்கு என்ன கிடைத்தது?